மூன்று வகுப்பு, ஒரு டீச்சர்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி:

அம்மா, வணக்கம். தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு முடித்து, தகுதித் தேர்வு, நியமனத் தேர்வு எல்லாம் எழுதி, ஜூலை மாதம் வேலையில் சேர்ந்தேன். தொண்டிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். ஈராசிரியர் பள்ளி. ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புகள் என்னிடம், மொத்தம் 26 பிள்ளைகள். தலைமையாசிரியரிடம் நான்கும் ஐந்தும். அவர் கூட்டத்துக்குப் போகிற நாளில் ஐந்து வகுப்பும் என் தலையில். கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. மூன்றாம் வகுப்பில் ஏழு பேருக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கவே தெரியவில்லை. படகு கரைக்கு வந்தால் பாதிப் பிள்ளைகளின் கண் ஜன்னல் பக்கம் போய்விடுகிறது. எனக்குப் பாடக்குறிப்பு எழுதத் தெரியும், சார்ட் செய்யத் தெரியும், குழந்தைகளின் சிந்தனை வளர்வதைப் பற்றி உளவியலாளர் பியாஜே சொன்னதும் தெரியும். வகுப்பை நடத்தத்தான் தெரியவில்லை. இதற்கு எங்கே போய்ப் பயிற்சி எடுப்பது?

பதில்:

அன்புள்ள டீச்சர்,

தொண்டையிலிருந்தே தொடங்குகிறேன். இன்றைக்கு உங்களுக்கு வலிப்பது அதுதான்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்கும்படி நீங்கள் பேச வேண்டிய தேவை ஒரு நாளில் நான்கைந்து தடவைக்கு மேல் வரக் கூடாது. மற்ற நேரமெல்லாம் எட்டுப் பத்துப் பிள்ளைகளோடு, அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டில் பேசுகிற குரலில் பேசினால் போதும். நீங்கள் கத்துவதற்குக் காரணம் பிள்ளைகளின் சேட்டை இல்லை. ஸ்லேட்டை எங்கே வைப்பது, தண்ணீர் குடிக்க எப்போது போவது, எழுதி முடித்தவன் அடுத்து என்ன செய்வது என்று ஒவ்வொன்றுக்கும் அவர்கள் உங்களைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. 26 பேர் கேட்கிறார்கள், நீங்கள் 26 பேருக்குப் பதில் சொல்கிறீர்கள். அந்தச் சத்தத்துக்கு மேலே உங்கள் குரல் ஏறுகிறது.

நீங்கள் பட்டயப் படிப்பில் கற்பித்தல் பயிற்சிக்குப் போன பள்ளிகளை நினைத்துப் பாருங்கள். வகுப்பாசிரியர் பின்னால் உட்கார்ந்திருந்திருப்பார். பிள்ளைகள் அவருக்கு அடங்கி உட்கார்ந்திருந்தார்கள், நீங்கள் பாடம் நடத்தினீர்கள். அந்த ஒழுங்கை அவர் எப்படி உண்டாக்கினார் என்பது உங்கள் கண்ணில் பட்டிருக்காது. ஜூன் மாதமே அதை அவர் செய்து முடித்திருப்பார்.

அதனால் அடுத்த இரண்டு வாரம் பாடத்தை ஒரு பங்கு குறைத்துக்கொண்டு பழக்கங்களைப் பாடமாகவே நடத்துங்கள். மூன்று பிளாஸ்டிக் கூடை வாங்கி ஒரு குழுவுக்கு ஒன்றாகக் கொடுங்கள். ஸ்லேட், குச்சி, நோட்டு எல்லாம் அதில்தான் இருக்கும். எடுத்துக் கொடுக்கவும் திரும்ப வைக்கவும் ஒவ்வொரு வாரமும் ஒரு பிள்ளை. தண்ணீருக்கும் ஒன்றுக்கும் போக என்னிடம் ஒரு வழி இருந்தது. வாசல் பக்கத்து ஆணியில் ஒரு சின்னச் சங்கை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். சங்கு ஆணியில் இருந்தால் எடுத்துக்கொண்டு போகலாம், என்னைக் கேட்க வேண்டாம். சங்கு இல்லையென்றால் யாரோ வெளியே போயிருக்கிறார்கள், வரட்டும். "டீச்சர், தண்ணி", "டீச்சர், ஒண்ணுக்கு" என்ற சத்தம் நான்கே நாளில் நின்றுபோனது. அப்புறம் கைதட்டல். நீங்கள் இரண்டு தட்டினால் அவர்கள் மூன்று தட்டிவிட்டுக் கையைக் கட்ட வேண்டும். இதை ஒரு தடவை சொன்னால் வராது. பத்து நிமிடம் பேசவிட்டு, தட்டி, பேசவிட்டு, தட்டி, விளையாட்டாகவே ஒத்திகை பாருங்கள். பாடத்தை வீணடிக்கிறோமே என்று நினைக்காதீர்கள். இந்தப் பத்து நிமிடம் மார்ச் மாதம் வரைக்கும் உங்கள் தொண்டையைக் காப்பாற்றும்.

அடித்தால் இதைவிடச் சீக்கிரம் அடங்குவார்கள் என்று பக்கத்தில் யாராவது சொல்லக்கூடும். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் 17-ஆம் பிரிவில் அதைத் தடை செய்திருக்கிறது, மனம் நோகப் பேசுவதையும் சேர்த்து. சட்டத்தை விடுங்கள். அடிக்குப் பயந்த பிள்ளை தனக்குத் தெரியாததை உங்களிடமிருந்து மறைக்கக் கற்றுக்கொள்ளும். அது தெரியாமல் நீங்கள் எதைக் கற்றுக்கொடுப்பீர்கள்?

சரி, மூன்று வகுப்பு. அதே சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். தலையை எண்ணுகிற கணக்கு அது. எத்தனை வகுப்பு என்பது அதில் வராது. ஆகவே சின்ன ஊர்ப் பள்ளிகளில் பலவகுப்புக் கற்பித்தல்தான் எப்போதும் இருக்கப்போகிறது. நம் பயிற்சி நிறுவனங்களோ இன்னமும் ஓர் ஆசிரியர், ஒரு வகுப்பு, ஒரு பாடக்குறிப்பு என்றே பழக்குகின்றன. பெரிய குறை இது. உங்களிடம் குறை என்று நீங்கள் நினைப்பதில் பாதி இங்கிருந்து வந்ததுதான்.

மூன்று குழுவை வைத்துக்கொண்டு ஒரு குழுவோடு உட்காரும்போது மற்ற இரண்டு குழுவுக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. புதிதாக வருகிற எல்லாரும் செய்கிற ஒன்றைத்தான் நீங்களும் செய்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். புதுப் பாடத்தைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு "எழுதிக்கிட்டே இருங்க, வர்றேன்" என்பது. இரண்டு நிமிடத்தில் ஒருவன் எழுந்து வருவான். அவனுக்குப் புரியாது, வராமல் என்ன செய்வான்? நீங்கள் கூட இல்லாத குழுவுக்கு அவர்கள் முக்கால்வாசி அறிந்ததை மட்டும் கொடுங்கள். நேற்று உங்களோடு செய்த கூட்டல், போன வாரம் படித்த சொற்களை வைத்து வாக்கியம், படம் வரைந்து பெயர் எழுதுவது. புதியது எதுவானாலும் அது உங்கள் பக்கத்தில் உட்காரும் 20 நிமிடத்துக்கு மட்டும். ஒரு நாளில் மூன்று குழுவுக்கும் தலா 20 நிமிடம் கிடைத்துவிட்டால் நீங்கள் நன்றாகவே நடத்துகிறீர்கள்.

இன்னொன்று. மூன்றாம் வகுப்பில் ஒரு கெட்டிக்காரப் பெண் இருப்பாள், ஒன்றாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்க அவளையே தினமும் உட்காரவைக்கத் தோன்றும். செய்யாதீர்கள். அவளும் படிக்கத்தான் வருகிறாள். வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்கிற வேலையும் அவளுக்கு இருக்கும்.

தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போகிற நாளில் வழக்கமான பாடத்தை நடத்த முயல வேண்டாம். அந்த நாளுக்கென்று முன்கூட்டியே ஒரு பெட்டி தயாராக இருக்கட்டும். ஐந்து வகுப்புக்கும் சேர்த்து நீங்கள் வாசித்துக் காட்ட ஒரு நீளமான கதை, பெரியவர் சின்னவர் சேர்ந்து விளையாட்டு மைதானத்தைக் காலடியால் அளக்கிற வேலை, களிமண். இதை வெட்கப்படாமல் செய்யுங்கள்.

இப்போது அந்த ஏழு பேர். நான் அதிகம் பேச விரும்புவது இவர்களைப் பற்றித்தான்.

முதலில் அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். மொத்தமாக "வாசிக்கத் தெரியவில்லை" என்று ஒன்று கிடையாது. ஒருவனைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்து அவன் புத்தகத்திலேயே ஒரு பக்கத்தைக் கொடுங்கள். கடகடவென்று ஒப்பிப்பான், விரலும் வரியில் ஓடும். நன்றாகக் கவனித்தால் வாய் "மரத்தில்" என்று சொல்லும்போது விரல் அடுத்த சொல்லைத் தாண்டிப் போயிருக்கும். பாடம் அவனுக்குப் பாட்டாகத்தான் மனப்பாடம். படத்தைக் கையால் மூடிவிட்டு நடுவில் ஒரு சொல்லைக் காட்டி "இது என்னப்பா?" என்று கேளுங்கள். மறுபடி முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்து அந்த இடத்தில் நின்று சொல்வான். அப்போதுதான் உங்களுக்குத் தெரியும்.

"க, கா, கி, கீ" என்று வரிசையாகச் சொல்ல அவர்களுக்கு வரும். தனியாக ஒரு "கீ" எழுதிக் காட்டினால் முழிப்பார்கள். வரிசையைச் சேர்ந்து கத்துவது நம் பள்ளிகளில் மிகவும் பழகிப்போனது, சத்தமாக இருப்பதால் படிப்பு நடக்கிற மாதிரியும் இருக்கும். ஒரு பிள்ளைக்கும் அது எழுத்தைக் காட்டிக்கொடுக்காது.

247 எழுத்தையும் முடித்துவிட்டுத்தான் சொல் என்று வைத்தால் இந்த ஏழு பேரும் ஐந்தாம் வகுப்பு வரை சொல்லுக்கே வர மாட்டார்கள். ட, ப, ம மூன்றையும் ஒரு புள்ளியையும் எடுத்துக்கொள்ளுங்கள். கோடுகள் எளியவை, கை பழகாத பிள்ளைக்கும் எழுத வரும். படம், மடம், பட்டம், மட்டம். மூன்றே எழுத்தில் நான்கு சொல். அடுத்த நாள் துணைக்கால் ஒன்றைச் சேருங்கள்: பாடம், மாடம், மாமா, பாப்பா. க வந்து, அதன் கு-வும் வந்ததும் "படகு" என்று எழுதிக் காட்டிவிட்டு ஒன்றும் சொல்லாமல் நில்லுங்கள். "ப... ட... கு..." என்று கூட்டி, சட்டென்று நிமிர்ந்து ஜன்னல் பக்கம் பார்ப்பான் பாருங்கள். அந்த முகத்தைப் பார்த்துவிட்டால் எந்தப் பயிற்சி முகாமும் தராத தெம்பு உங்களுக்கு வரும்.

அப்புறம் நம் எழுத்தில் பிள்ளைகளைக் குழப்பும் சில இடங்கள் உண்டு. பெரியவர்களான நமக்கு அவை மறந்துபோயிருக்கும். "கெ" என்று சொல்லும்போது முதலில் வருவது க-வின் ஒலி. எழுதும்போதோ ஒற்றைக்கொம்பை முதலில் போட வேண்டும். காதுக்கு ஒரு வரிசை, கைக்கு ஒரு வரிசை. "கொ"-வில் ஒரு குறி முன்னால், ஒன்று பின்னால். ஒரு பையன் கொம்பை எழுத்துக்குப் பின்னால் போட்டிருந்தால் கவனக்குறைவு என்று சிவப்பு மையில் சுழிக்காதீர்கள். காதில் விழுந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறான், அவ்வளவுதான். கு, சு, டு, து, மு எல்லாவற்றிலும் ஒலி ஒன்று, அந்த உகரத்துக்கு வடிவம் வேறு வேறு. கா, டா, பா மாதிரி ஒரே குறியைப் போட்டால் முடிகிற வேலை இல்லை அது. உகர, ஊகார எழுத்துகளை அதனால் கூட்டமாகத் தராமல், வருகிற சொல்லோடு ஒவ்வொன்றாகக் கொடுங்கள். தினமும் இந்த ஏழு பேருக்கு மட்டும் 15 நிமிடம், காலையில் முதல் வேலையாக. மதியத்துக்கு மேல் வேண்டாம், கடல் காற்றும் சாப்பாடும் சேர்ந்து கண் சொக்கும்.

இங்கே என் முதல் வருடத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இத்தனை வருடமாகியும் மனசை விட்டுப் போகவில்லை. கீழக்கரைப் பக்கம் ஒரு பள்ளி, இரண்டாம் வகுப்பு. "உங்க வீட்டில் யார் யார் இருக்காங்க?" என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தேன். ஒரு பெண் எழுந்து, "உம்மா, வாப்பா, காக்கா, லாத்தா" என்றாள். நான் வெளியூர்க்காரி. காக்கா என்றதும் பறவை என்று நினைத்து, "காக்காவா? வீட்டிலயா?" என்று கேட்டுவிட்டேன். வகுப்பே சிரித்தது. அவள் உட்கார்ந்தாள். அண்ணனைத்தான் அவள் காக்கா என்று சொன்னாள் என்று மதியம் சத்துணவு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பிள்ளை தீபாவளி விடுமுறை வரைக்கும் என் வகுப்பில் தானாக வாய் திறக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன், அவள் வீட்டுக்கும் போனேன். போன நம்பிக்கை மெதுவாகத்தான் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் முதல் வாரம் ஒரு நோட்டில் அந்த ஊர்ப் பேச்சை எழுதிக்கொள்வேன். உறவுச் சொல், மீன் பெயர், காற்றின் பெயர், வலையின் பாகங்கள். நீங்களும் எழுதுங்கள். பிள்ளைகளிடமே கேட்டு எழுதினால் இன்னும் நல்லது. டீச்சருக்குத் தெரியாதது தனக்குத் தெரியும் என்று ஒரு பிள்ளைக்குத் தோன்றினால் அன்றைக்கு அது நன்றாகப் பேசும். வீட்டுப் பேச்சைத் திருத்த வேண்டாம். அதன் பக்கத்திலேயே புத்தகச் சொல்லையும் வைத்து, இரண்டையும் பழக்குங்கள். "காக்கா" என்றும் எழுதட்டும், "அண்ணன்" என்றும் எழுதட்டும். சுவரில் நான்கு மீன் படம் ஒட்டிவிட்டு, கடலை வகுப்பறைக்குக் கொண்டுவந்துவிட்டோம் என்று திருப்தி அடைவது மட்டும் போதாது. நாளைக்கு விண்ணப்பம் எழுத, பத்திரிகை படிக்க, வழக்குமன்றத் தாளைப் புரிந்துகொள்ள எழுத்துத்தமிழ் அவர்களுக்குக் கட்டாயம் வேண்டும்.

கணக்குக்கு ஓர் உதாரணம் மட்டும் சொல்கிறேன். 42-இல் 17 போனால் எவ்வளவு என்று மூன்றாம் வகுப்புக்குக் கொடுத்துப் பாருங்கள். சிலர் 35 என்று எழுதுவார்கள். "தப்பு" என்று சுழித்துவிட்டுப் போகாமல், எப்படிச் செய்தாய் என்று கேளுங்கள். "ரெண்டுல ஏழு போகாது டீச்சர், அதான் ஏழுல ரெண்டைக் கழிச்சேன்" என்பான். அவனிடம் ஒரு விதி இருக்கிறது, பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்க வேண்டும் என்று. அந்த விதியை நாம்தான் முதல் வகுப்பில் கொடுத்தோம். இனி "பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்று சொல்லிக்கொடுத்தால் இன்னொரு மந்திரம் சேரும், புரியாது. தென்னை ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு நான்கு கட்டும், உதிரியாக இரண்டும் அவன் முன்னால் வையுங்கள். "17 குச்சி எனக்குக் கொடு." ஒரு கட்டைக் கொடுப்பான். ஏழு உதிரிக்கு இரண்டுதான் இருக்கும். கொஞ்ச நேரம் பார்ப்பான். நீங்கள் பேசக் கூடாது. தானே ஒரு கட்டைப் பிரிப்பான், 12 உதிரி ஆகும். ஏழைக் கொடுத்துவிட்டு மீதியை எண்ணுவான்: இரண்டு கட்டு, ஐந்து உதிரி. இதை நான்கைந்து நாள் கையால் செய்த பிறகுதான் தாளில் எழுத்துக்கணக்கு. "நூற்றைந்து" எழுதச் சொன்னால் 1005 என்று எழுதுகிற பிள்ளைக்கும் இதே குச்சிக் கட்டுதான் மருந்து. பத்துக் கட்டைச் சேர்த்து ஒரு பெரிய கட்டாக்கி, பக்கத்தில் ஐந்து உதிரி வைத்தால், நடுவில் கட்டு ஒன்றும் இல்லையே என்று அவன் கண்ணுக்கே படும். பூஜ்யம் ஏன் வருகிறது என்று அப்போது சொல்லலாம்.

நீங்கள் பேசக் கூடாது என்று சொன்னேன் அல்லவா, புதிதாக வரும் ஆசிரியருக்கு ஆகக் கடினமானது அதுதான். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஆராய்ந்தார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், அதற்குள் தாங்களே பதில் சொல்கிறார்கள் அல்லது வேறு பிள்ளையிடம் போய்விடுகிறார்கள். மூன்று விநாடி காத்திருந்தபோது பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். 1970-களில் அவர் எழுதியது. இன்றைக்கும் எந்த வகுப்பிலும் சோதித்துப் பார்க்கலாம்.

எப்படிச் சோதிப்பது என்று கேட்டால், இதுதான் நீங்கள் கேட்ட பயிற்சி. படிப்பில் நுண்ணிலைக் கற்பித்தல் என்று ஒன்று செய்திருப்பீர்கள். 1963-இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் அவரோடு இருந்தவர்களும் உருவாக்கியது. ஐந்து பத்து நிமிடம், நான்கைந்து மாணவர், ஒரே ஒரு திறன். நடத்து, பார்த்தவர் சொல்வதைக் கேள், மறுபடி நடத்து. நம் நிறுவனங்களில் கூடப் படிக்கிற தோழிகளையே பிள்ளைகளாக உட்காரவைத்து இதை முடித்துவிடுகிறார்கள். அதில் உயிர் போய்விடுகிறது, ஏனென்றால் தோழிக்கு 42-இல் 17 போகும் கணக்கு தெரியும். உங்களிடம் நிஜப் பிள்ளைகள் இருக்கிறார்கள். வாரத்துக்கு ஒரே ஒரு திறன் எடுங்கள். இந்த வாரம் கேள்வி கேட்டுவிட்டு மூன்று விநாடி பொறுப்பது என்று வைத்துக்கொள்வோம். ஒரு குழுவோடு உட்காரும்போது கைப்பேசியில் ஒலியை மட்டும் பதிவு செய்து மேசையில் கவிழ்த்து வையுங்கள். ராத்திரி எட்டு நிமிடம் கேளுங்கள். எத்தனை கேள்வி கேட்டீர்கள், எத்தனைக்கு நீங்களே பதில் சொன்னீர்கள், எந்தப் பிள்ளையின் குரல் ஒரு தடவைகூட வரவில்லை, மூன்றையும் எண்ணி எழுதுங்கள். மறுநாள் அதையே இன்னொரு தடவை செய்யுங்கள். அடுத்த வாரம் வேறு திறன். பதிவை யாருக்கும் அனுப்பாதீர்கள், கேட்டதும் அழித்துவிடுங்கள். பிள்ளைகள் தப்பாகப் படிப்பதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுகிற பழக்கம் சிலரிடம் வந்திருக்கிறது. அந்தப் பிள்ளையின் அம்மாவும் அதைப் பார்க்கிறாள்.

தலைமையாசிரியரிடம் ஓர் உதவி கேளுங்கள். வாரத்தில் ஒரு நாள் பத்து நிமிடம் அவர் உங்கள் வகுப்பின் பின்னால் உட்கார வேண்டும், ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பார்க்க வேண்டும். "எப்படி நடத்துகிறேன், பாருங்க சார்" என்று பொதுவாகக் கேட்டால் "நல்லா இருக்கு" என்று போய்விடுவார். "அந்த மூலையில் இருக்கிற மூன்று பேர் பத்து நிமிடமும் என்ன செய்தார்கள் என்று மட்டும் எழுதித் தாருங்கள் சார்" என்று கேளுங்கள். அந்த நேரம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருவர் நான்காம் ஐந்தாம் வகுப்புக்குக் கதை வாசிக்கட்டும். பதிலுக்கு நீங்களும் அவர் வகுப்பில் போய் உட்காருங்கள். பழைய ஆசிரியர்களிடம் எழுதி வைக்காத வித்தை நிறைய இருக்கும்.

அரசுப் பயிற்சிகளை ஒதுக்கச் சொல்லவில்லை. சின்ன வகுப்புகளுக்கு வாசிப்பும் அடிப்படைக் கணக்கும் வரவைக்க 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையைப் பார்த்துப் பிரிக்கிற முறை மூன்று வகுப்பை ஒன்றாக வைத்திருக்கும் உங்களுக்கே செய்த மாதிரி இருக்கிறது. அந்தக் கையேட்டைத் தூசி தட்டி எடுங்கள். அதற்கு முன்னால், 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-இல் மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றல் முறையில் பிள்ளைகளே எழுதுவதற்காக அடித்த தாழ்வான கரும்பலகை உங்கள் பள்ளிச் சுவரைச் சுற்றி இன்னும் இருக்கக்கூடும். இருந்தால் கறுப்புப் பூசிப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். நோட்டில் எழுதப் பயப்படுகிற பிள்ளை சுவரில் எழுதும், அழித்துவிடலாமே. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களெல்லாம் கூடுகிற குறுவளமையக் கூட்டத்துக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரு பிள்ளையின் நோட்டில் உங்களுக்குப் புரியாத தப்பு ஒன்றை நகலெடுத்துக்கொண்டு போய் நடுவில் வையுங்கள். அன்றைய பேச்சு திசை மாறும். ஆசிரியர் பயிற்றுநர் பள்ளிக்கு வந்தால், "சார், இந்த ஏழு பேருக்கு ஒரு பத்து நிமிடம் நீங்கள் நடத்திக் காட்டுங்கள், நான் பார்க்கிறேன்" என்று மரியாதையாகக் கேளுங்கள். பலர் சந்தோஷமாகச் செய்வார்கள். அவர்களும் ஆசிரியர்களாக இருந்தவர்கள்தான், பதிவேடு பார்த்துப் பார்த்துச் சலித்திருப்பார்கள். உங்கள் மாவட்டத்துக்கென்று மஞ்சூரில் இருக்கிற மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்கும் ஒரு சனிக்கிழமை போய்வரலாம், நூலகம் பார்க்கவாவது.

கடைசியாக ஜன்னலுக்கு வருகிறேன். படகு வருகிற நேரத்தில் பிள்ளைகளின் கண் ஜன்னல் பக்கம் போவதை ஒரு குறையாக எழுதியிருக்கிறீர்கள். அப்பா ராத்திரி கடலுக்குப் போனவர். திரும்பி வந்துவிட்டாரா என்றுதான் பார்க்கிறார்கள். அந்த நேரம் எதுவென்று நீங்களே கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு, அந்தப் பத்து நிமிடத்தில் புதுப் பாடம் வராதபடி அட்டவணையை மாற்றுங்கள். "யாரோட படகுடா வந்தது?" என்று நீங்களும் ஒரு தடவை ஜன்னலுக்கு வந்து கேளுங்கள். கேட்டுவிட்டு உட்காரச் சொன்னால் உட்காருவார்கள்.

உங்கள் பக்கத்துக் கரையில் ஒரு பிள்ளை திடீரென்று பேசாமல் போனால், வரத் தாமதமானால், முதலில் வீட்டில் விசாரியுங்கள். அப்பா இலங்கைச் சிறையில் இருக்கலாம். அந்த வாரம் "என் அப்பா" என்று ஐந்து வரி எழுதச் சொல்லி வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டால் அந்தப் பிள்ளை எங்கே போகும்? காலையில் வலையில் சிக்கிய நண்டைப் பிரித்தெடுக்க உதவிவிட்டு, கையெல்லாம் கீறலோடு தாமதமாக வருகிறவனை வாசலில் நிற்கவைக்காதீர்கள். உள்ளே கூப்பிட்டுக் காலை உணவு மிச்சம் இருந்தால் கொடுக்கச் சொல்லுங்கள். தினமும் அப்படி நடந்தால் அவன் அம்மாவோடு பேச வேண்டும், பள்ளி மேலாண்மைக் குழுவிலும் எடுக்க வேண்டும்.

அப்பாக்களைப் பள்ளிக்கு வரவைப்பது கடினம் என்று எல்லாரும் சொல்வார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும், வலை பின்னுவதும் மராமத்தும்தான் வேலை. ஏப்ரல் மூன்றாவது வாரத்தில் பள்ளி இன்னும் நடந்துகொண்டிருந்தால், மாலையில் ஒரு நாள் அவர்களைக் கூப்பிட்டு இந்த ஏழு பிள்ளைகளையும் அவர்கள் முன்னால் வாசிக்கவையுங்கள். மனப்பாடப் பக்கம் வேண்டாம், அன்றைக்குப் புதிதாக நீங்கள் எழுதிக் கொடுத்த நான்கு வரி. அதற்கு இன்னும் எட்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது. நாளுக்கு 15 நிமிடம் தவறாமல் கிடைத்தால் அந்த நான்கு வரிக்கு ஏழு பேரும் வந்துவிடுவார்கள் என்று நம்புகிறேன்.

தொண்டை கட்டியது மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம். காலாண்டு விடுமுறையில் எனக்கு மறுபடி எழுதுங்கள். ஏழு பேரில் ஒருவனின் நோட்டில் நீங்கள் கண்டுபிடித்த ஒரு தப்பையும், அவன் அதை ஏன் அப்படிச் செய்தான் என்று உங்களிடம் சொன்னதையும் அவன் வார்த்தையிலேயே எழுதி அனுப்புங்கள். பெயர் வேண்டாம்.